நாலு விரற்கடை நூல்

மாசி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை விடிந்தபோது எங்கள் வெள்ளியம்பாளையத்தில் செல்போன் வைத்திருந்த அத்தனை பேருக்கும் தொப்புளில் ஒரு நூல் முளைத்திருந்தது, அதன் மறுமுனை அவரவர் போனில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு ஊராக இருந்திருந்தால் அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். நாங்கள் தறிக்காரர்கள், ஆகவே முதலில் நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தோம், இது நாற்பதாம் நம்பர் நூலா அறுபதாம் நம்பர் நூலா என்று டீக்கடையில் பத்து மணிவரை சண்டை போட்டோம், பல்லால் கடித்துப் பார்த்தோம், தீக்குச்சி கிழித்துக் காட்டிப் பார்த்தோம், அது கடிபடவும் இல்லை, கருகவும் இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது, காதில் வைத்தால் சன்னமாகத் துடித்தது. நாற்பது என்று அன்றைக்கு நான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் நாற்பது என்றுதான் சொல்வேன்.

ஒரு வாரம்தான் புதுமை. அப்புறம் தையல்கடைக்காரர் சட்டையில் மூன்றாவது பொத்தானுக்கும் நாலாவது பொத்தானுக்கும் நடுவில் நூல் வெளியே வர ஒரு காஜா எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார், டவுன் பஸ் கண்டக்டர் 'டிக்கெட் டிக்கெட்' என்பதை விட்டுவிட்டு 'நூலச் சுருட்டு, நூலச் சுருட்டு' என்று கத்திக்கொண்டு வந்தார், கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரம் மாப்பிள்ளை நூலை ஒரு அத்தையும் பெண்ணின் நூலை ஒரு அத்தையும் மாலையில் சிக்காமல் தூக்கிப் பிடிப்பது என்று ஒரு சடங்கே வந்துவிட்டது, அந்த உரிமை பெரிய அத்தைக்கா சின்ன அத்தைக்கா என்று இரண்டு கல்யாணத்தில் சாப்பாடு ஆறிப்போனது. பரிசோதிக்க வந்த டாக்டரம்மா குனிந்து பார்க்கும்போது தன் நூலை மேஜைக் காலில் சிக்க வைத்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல் அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்து, எல்லோருக்கும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஏன் முளைத்தது என்று கேட்க ஒருவரும் மெனக்கெடவில்லை. பல் ஏன் முளைத்தது என்று யாராவது கேட்கிறார்களா?

எல்லார் நூலும் ஒரே நீளம் இல்லை என்பதுதான் வினையாகப் போயிற்று. போனை விட்டு விலக யாருக்கு எவ்வளவு பயமோ அவ்வளவு குட்டை. கோயில் பூசாரிக்கு இருபத்தைந்து அடி, அவருக்கு வருகிற போன் எல்லாம் நடை எப்போது திறப்பீர்கள் என்பதுதான், அதற்கு என்ன பயம்? காலேஜ் பிள்ளைகளுக்கு இரண்டு முழம், ஒன்றரை முழம். எனக்கு மூன்று முழம். நூல் முப்பது அடி நீளமிருந்த ஒருத்தன் வீட்டில் இவனுக்கு வேறெங்கோ இன்னொரு போன் இருக்கிறது என்று பெண்டாட்டி அரிசி டப்பா வரைக்கும் தேடினாள், அப்படியிருந்தால் இன்னொரு தொப்புளும் இருக்க வேண்டுமே என்று அவன் சட்டையைத் தூக்கிக் காட்டியும் அவள் சமாதானம் ஆகவில்லை. அடுத்தவர் மனசுக்குள் இருப்பதை முழம் போட்டு அளக்க முடிந்தால் ஊர் என்ன பாடு படும் என்பதை அந்த மாசி மாதம் நாங்கள் பார்த்தோம்.

ஊரிலேயே குட்டை நூல் சம்பூரணக்காவுக்கு. ஒரே ஒரு சாண்.

சம்பூரணக்கா பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு, பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, தொங்குகிற பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒவ்வொன்றையும் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி முடிய வேண்டும், ஒரு தறிக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. அவள் கண்ணை மூடிக்கொண்டே முடிவாள், பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே முடிவாள், முடிந்த இழை தறியில் அறுந்ததாக ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. அந்தக் கைக்காரிக்குத்தான் போன் இடுப்பை விட்டு ஒரு சாண் நகராது. பாலித்தீன் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டே குளித்தாள். முடிகிற முடிச்சை நடுவில் விட்டுவிட்டு, வராத போன் வந்த மாதிரி இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தூங்கினாளா என்பதே சந்தேகம்தான்.

காரணம் ஊருக்கே தெரியும், பேச மாட்டோம். அவளுடைய ஒரே மகள் சங்கவி, ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனவள், கூட வேலை செய்த வேற சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள், அதோடு பதினாலு மாதமாகிறது. அப்பா தங்கவேலு, எங்கள் பட்டறையில் மேஸ்திரி, பெரிய குரல்காரர், அன்றைக்கு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "இனி இந்த வீட்டுல அந்தப் பேரு காதுல விழப்படாது" என்றார், விழவில்லை. பயத்தில் பெண்ணும் தன் பழைய நம்பரை அணைத்துவிட்டது. ஆனால் போன தை மாதம் ஒரு நாள், சம்பூரணக்கா போனை ஜன்னலில் வைத்துவிட்டுத் துணி அலசிக்கொண்டிருந்தபோது, காலை பத்தே முக்காலுக்கு, தெரியாத நம்பரிலிருந்து இரண்டே ரிங் வந்து நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டபோது யாரோ ஒரு அம்மா எடுத்தார்.

"பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருந்த புள்ளைங்க. ஓசூர்ல ஏறுச்சு. ஒரு போன் பண்ணிக்கறன்னு வாங்கி, ரெண்டு ரிங் போனதும் பயந்துட்டுக் கட் பண்ணிக் குடுத்துருச்சு. எங்க எறங்குச்சுன்னு நான் பாக்கலீங்க. மாசமா இருந்துச்சுங்க. ஆறு மாசம் இருக்கும் வயிறு."

அதுதான். ஆறு மாசம் என்றால் சித்திரைக்குப் பேறுகாலம். பிள்ளை பெற்றதும் அவள் கட்டாயம் கூப்பிடுவாள், ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவாள், அந்தத் தடவையும் எடுக்காமல் விட்டால் இந்த ஜென்மத்தில் இன்னொரு தடவை கூப்பிட மாட்டாள் என்று சம்பூரணக்கா நம்பினாள். அந்த நம்பிக்கையின் நீளம் ஒரு சாண்.

தங்கவேலண்ணனின் நூலை எவரும் பார்த்ததில்லை. சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, "எனக்கு முப்பது அடி. போனெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா?" என்பார். நாங்களும் நம்பினோம்.

பங்குனியில் எங்கள் தறி ஃபிட்டர் சென்னியப்பன் ஒரு வீரவேலை செய்தான். ஒரு நூலுக்கு மனுஷன் அடிமையா என்று டீக்கடை முன்னால் நின்று வசனம் பேசி, எல்லோரும் பார்க்கக் கத்தரியால் தன் நூலை 'நறுக்' என்று நறுக்கிக்கொண்டான். வலிக்கவில்லை என்று சிரித்தான். பத்தே நிமிஷத்தில் அவன் கை தானாகச் சட்டைப்பையைத் தட்ட ஆரம்பித்தது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்து, எதிரில் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "என்னைய யாராச்சும் கூப்பிட்டாங்களா? கூப்பிட்டாங்களா?" என்று கேட்டான். போனைக் கையில் கொடுத்தால் அது தன்னுடையதா அடுத்தவனுடையதா என்றே அவனுக்குத் தெரியவில்லை, கண் எதிலும் தங்கவில்லை. அறுந்த போனோ யார் விரலுக்கும் அசையவில்லை, ரிங் அடிக்கும், தொட்டால் கல். மூன்று நாள் அப்படியே அலைந்தவனை நாலு பேர் அமுக்கிப் பிடித்து உட்கார வைக்க, சம்பூரணக்கா விரலில் சாம்பல் தொட்டு இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி, சூடு ஏறும்வரை ஒரு நிமிஷம் பிடித்திருந்து விட்டாள். சென்னியப்பன் 'அப்பாடா' என்று தரையிலேயே படுத்துத் தூங்கிப்போனான். அந்த முடிச்சு எட்டு நாள் பச்சையாக இருக்கும், அதற்குள் மறுபடி அறுத்தால் ஒட்டாது என்று அக்கா சொன்னாள். கை சொன்னதாம்.

சித்திரைத் தேர் வந்தது. எங்கள் ஊரில் ஆணும் பெண்ணுமாகத்தான் வடம் பிடிப்போம், ஆண்கள் சட்டை போடக் கூடாது, கிளம்பின தேர் அன்றைக்கே சுற்றி வந்து நிலை சேர்ந்தாக வேண்டும், நடுத்தெருவில் நின்றால் ஊருக்கு ஆகாது. நூலோடு இழுக்கிற முதல் தேர் அது. யாராவது ஒருத்தராவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நடுத்தெரு திரும்பும் முன்னாலேயே நீள நூல்காரர்களின் நூலெல்லாம் வடத்தில் சுற்றிக்கொண்டு, குட்டை நூல்காரர்களின் நூலையும் சேர்த்து இழுத்துப் பின்னி, தேருக்கு மேலிருந்து தொங்கிய பூசாரியின் இருபத்தைந்து அடியும் அதில் விழுந்து முறுக்கி, நூற்றுப் பதினேழு பேர் வயிறும் வடமுமாகப் பொட்டலம் கட்டின மாதிரி நின்றோம். உச்சி வெயில். ஒருவர் அசைந்தால் நாலு பேர் அலறினார்கள். பின்னிக் கிடந்த போன்கள் ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கின, எட்டி எடுக்க ஒருவராலும் முடியவில்லை, "என்னுதா? என்னுதா?" என்று ஊரே துடித்தது.

வடத்தின் முன்கோடியில் முதல் ஆளாக நின்றது சம்பூரணக்கா. அடுத்து தங்கவேலண்ணன், அடுத்து சென்னியப்பன், அடுத்து நான், அப்படியே வரிசை போய்க் கடைசியில் பூசாரி. தர்மகர்த்தா சிக்கலுக்கு வெளியிலிருந்து கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தார்.

"அம்மணி, நீதான் பாக்கோணும். அறுத்துத் தேர நிலை சேத்திட்டு, அப்பறம் எல்லாத்தையும் முடிஞ்சு போடு."

"என்னுதையுமாங்க?"

"உன்னுத அறுக்காம நீ எப்படியம்மா வெளிய வருவ?"

அவள் வாய்க்குள் கணக்குப் போட்டாள். தேர் நிலை சேர ஒரு மணி நேரம். முடிச்சுக்கு ஒரு நிமிஷம் என்றால் நூற்றுப் பதினேழு முடிச்சுக்கு இரண்டு மணி நேரம்.

"மூணு மணி நேரமுங்க. அதுக்குள்ள போன் வந்துட்டா?"

யாருடைய போன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள், நின்று கிடந்த தேரைப் பார்த்தாள், இடுப்பிலிருந்த சின்னக் கத்தரியை எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் ஒரு சாண் நூலை நறுக்கினாள். போனைக் கொண்டுபோய்க் கடை வாசலில் விரித்த சேலையில் முதலாவதாக வைத்துவிட்டு வந்து, அடுத்த ஆளான புருஷனுக்கு முன்னால் குனிந்தாள்.

குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சட்டையில்லாத வயிறு, வேட்டி மடிப்பில் போன், இரண்டுக்கும் நடுவில் நாலு விரற்கடை நூல். பக்கத்திலிருந்த நாங்களும் பார்த்தோம். ஊரிலேயே குட்டை நூல் ஒரு சாண் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது பொய். அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தேர்க் கலசத்தை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நறுக்கினாள், அடுத்து சென்னியப்பன், அடுத்து நான், ஒவ்வொரு போனையும் வரிசை கலையாமல் சேலையில் அடுக்கிக்கொண்டே கடைசியில் பூசாரிவரை போனாள்.

தேர் நிலை சேர்ந்தது, எப்படிச் சேர்ந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நூற்றுப் பதினேழு அறுந்த ஜனங்கள், ஒரு கையால் வடத்தை இழுத்து மறு கையால் இடுப்பைத் தட்டிக்கொண்டு, "கூப்பிட்டாங்களா, கூப்பிட்டாங்களா" என்று கேட்டுக்கொண்டே இழுத்த தேர் அது. அப்புறம் கோயில் வாசலில் அதே வரிசையில் எங்களை நிற்க வைத்து, சேலையோடு போன்களைக் கொண்டுவந்து எதிரில் விரித்தார்கள், அக்கா சாம்பலைத் தொட்டாள். அவளும் அறுந்தவள்தான், அவள் கண்ணும் எதிலும் நிற்கவில்லை, ஆனால் கைக்குத் தொழில் தெரியும். முதல் முனையோடு முதல் முனை, அடுத்ததோடு அடுத்தது. தறியில் அப்படித்தான், பாவு பிணைக்கிறவள் பாவுக்கு வெளியில் உட்கார்ந்திருப்பவள், வாழ்நாளில் ஒரு தடவைகூட அவள் தன்னையும் ஒரு இழையாக எண்ணவேண்டி வந்ததில்லை. அன்றைக்கும் எண்ணவில்லை. சேலையில் முதல் போன் அவளுடையது, வரிசையில் முதல் ஆள் தங்கவேலண்ணன். முடிந்தாள். தங்கவேலண்ணனின் போனைச் சென்னியப்பனுக்கு முடிந்தாள். சென்னியப்பனின் போனை எனக்கு முடிந்தாள். அப்படியே போய், பூசாரிக்கு முன்னால் நின்ற காலேஜ்காரி போனைப் பூசாரிக்கு முடிந்துவிட்டு நிமிர்ந்தால் சேலையில் ஒரு போன் மீதி, ஆளில்லை. மீதியிருந்த ஆள் அவள்தான். பூசாரியின் போனை எடுத்துத் தன் முனையோடு முடிந்து சூடு ஏறினபோதுதான் அவளுக்குக் கண் தெளிந்தது. எங்களுக்கும் தெளிந்திருந்தது. ஆளாளுக்குக் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

"ஐயோ" என்றாள் அக்கா. "என்னைய எண்ணாம விட்டுட்டனே."

திட்டுவதற்கு வாய் திறந்தவர்கள்கூட அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்கள். முடிச்சு பச்சை. எட்டு நாள் அறுக்க முடியாது. நூல் யாருக்கோ அவர் விரலுக்குத்தான் போன் அசையும். ஆக எட்டு நாள் அவளுக்கு வருகிற போனை எடுக்கக் கூடிய ஒரே விரல், அந்தப் பெயர் காதில் விழக்கூடாது என்று சொன்னவருடைய விரல்.

அந்த எட்டு நாளை ஊர் எப்படிக் கழித்தது என்று கேட்டால், ஓடியே கழித்தது. தன் போனை வைத்திருக்கிறவன் பின்னால் ஒவ்வொருவனும் ஓடினான், அவன் தன்னுடையதை வைத்திருக்கிறவன் பின்னால் ஓடினான், மளிகைக்கடைக்குப் பால்காரர் போகும்போது அவர் பின்னால் ஒரு வால் மாதிரி ஆறேழு பேர் போனார்கள். "உங்க மாமியார் லைன்ல இருக்காங்க, என்ன சொல்லட்டும்?" என்று அடுத்த தெருவிலிருந்து ஆள் வந்து நின்றது. பூசாரி காலேஜ்காரியின் போனில் வருகிற ஒவ்வொரு மெசேஜையும் உரக்கப் படித்துக் காட்ட, அந்தப் பெண் அவர் காலில் விழாத குறையாக, "மெதுவாப் படிங்க சாமி" என்று கெஞ்சியது. சென்னியப்பனின் போனில் தினமும் காலையில் அவன் அக்கா கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டார், நான் சாப்பிட்டேன் என்று சொன்னேன், ஒரு வாரத்தில் அந்த அம்மாவுக்கு என்மேல் பாசம் வந்துவிட்டது.

சம்பூரணக்கா புருஷனை நிழல்போல விடவில்லை. அவர் பட்டறைக்குப் போனால் பட்டறை, டீக்கடைக்குப் போனால் டீக்கடை, கக்கூசுக்குப் போனால் கதவுக்கு வெளியே. அவள் இடுப்பில் பூசாரியின் போன் ஓயாமல் அடித்தது, "நடை நாலு மணிக்குங்க, செவ்வாக்கெழம அபிசேகமுங்க" என்று அதற்கும் பதில் சொல்லிக்கொண்டு, கண் மட்டும் அவருடைய வேட்டி மடிப்பில்.

"வந்தா எடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

அவர் அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி தறிக்குள் குனிந்தார்.

"உங்களத்தான். வந்தா எடுப்பீங்களா மாட்டீங்களா?"

"தறி ஓடற சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றார் தங்கவேலண்ணன். கரண்ட் போய்க் கால்மணி நேரம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் சென்னியப்பன் என்னிடம் வந்து அரைமணி நேரம் சுற்றி வளைத்துவிட்டு, மனசு கேட்காமல் நேரே அக்காவிடம் போனான். அண்ணன் போன் அவனிடம்தானே இருந்தது.

"அக்கா, நான் நோண்டிப் பாக்கலக்கா, தானாக் கண்ணுல பட்டுச்சு. அண்ணன் போன்ல ஒரே நம்பருதான். 'பாப்பா'ன்னு போட்டிருக்குது. தெனமும் காலைல பத்தே முக்காலுக்கு ஒருக்கா அவரே கூப்பிட்டிருக்காரு. ஒரு நாள் தவறல."

அக்காவுக்கு அப்போது வந்தது மாதிரி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. பட்டறைக்குள் நுழைந்து, ஓடுகிற இருபத்துநாலு தறிக்கும் மேலாகக் கத்தினாள்.

"எனக்கு மட்டும் வாய்ப்பூட்டு! பெத்த பொண்ணு பேரச் சொல்லிக்கூட அழுவப்படாது! நீங்க மட்டும் தெனமும் போன் போடுவீங்களா?"

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தங்கவேலண்ணன் கையிலிருந்த, குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாக் கட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த நம்பரு இல்லீன்னு தெரிஞ்சுதான் போட்டன்."

"எடுத்திருந்தா?"

"எடுத்திருந்தா என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியாது, சம்பூரணம்."

பெரிய குரல்காரர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நாங்கள் கேட்டதில்லை. அக்காவுக்கு மேலே கத்த முடியவில்லை, ஆனால் பயம் இரட்டையாகிவிட்டது. எடுக்க மாட்டார் என்ற பயம் போய், எடுத்து ஒன்றும் பேசாமல் நின்றுவிடுவார், பெண் பயந்து வைத்துவிடும் என்ற பயம். நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் அவள் சோறே தின்னவில்லை. எங்களுக்கும் அந்த நோய் ஒட்டிக்கொண்டது, யார் போன் அடித்தாலும் பட்டறையே திரும்பி அவர் வேட்டி மடிப்பைப் பார்த்தது.

ஆறாம் நாள், பத்தரை மணி இருக்கும், தறியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டிருக்க வழியில்லை, ஆனால் தங்கவேலண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்ததைப் பார்த்தோம், நூல் துடித்திருக்கிறது. போனை எடுத்துப் பார்த்தார். தெரியாத நம்பர். நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். இருபத்துநாலு தறியும் நின்ற அந்த அமைதியில் அது அடித்துக்கொண்டே இருந்தது, நாலு, ஐந்து, ஆறு. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், கெஞ்சவும் இல்லை. ஏழு. எட்டாவது ரிங்கில் அழுத்தினார், அழுத்தின கையோடு ஸ்பீக்கரையும் போட்டார், தறிக்காரன் காதுக்கு ஸ்பீக்கர் இல்லாமல் எதுவும் கேட்காது.

"அம்மா?"

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"அம்மா, பேசும்மா. லைன்ல இருக்கறியா?" கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம். பிறகு குரல் தாழ்ந்தது. "அப்பா பக்கத்துல இருக்காரா? நான் வெச்சரட்டுமா?"

"வெச்சராத!"

பட்டறை ஓடு அதிர்ந்திருக்கும், அவ்வளவு சத்தம். தானே பயந்துபோய் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"வெச்சராத பாப்பா. அப்பாதான் பேசறன். அம்மா இங்கதான் நிக்கறா. நூலு மாறிப் போச்சு, அதுனாலதான் நான் எடுத்தன். வெச்சராத சாமி, வெச்சராத."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை, வைத்துவிட்டதோ என்று எங்களுக்கு உயிரே போயிற்று, அப்புறம் மெல்லிசாக ஒரு சத்தம், பூனைக்குட்டி கத்துகிற மாதிரி, கூடவே ஒரு பெரியவள் விம்முகிற சத்தம். அக்கா பாய்ந்து புருஷன் வயிற்றோடு முகத்தை வைத்து அந்தப் போனுக்குள் கத்தினாள்: "எப்ப கண்ணு? என்ன கொழந்த கண்ணு? கூட யாரு இருக்கா? சாப்பிட்டயா நீயி?" பொண்ணு, நேற்றுக் காலையில், ஓசூர் ஆஸ்பத்திரியில், துணைக்கு வீட்டுக்காரரும் அவருடைய தங்கச்சியும் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. சென்னியப்பன் எண்ணெய்த் துணியால் மூக்கைச் சிந்தி முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டான். நான் அழவில்லை. கொஞ்சம்தான்.

ஒரு மணி பஸ்சுக்கு இருவரும் கிளம்பிவிட்டார்கள். அக்காவைப் பஸ்சில் ஏற்றப் போனபோதுதான் எங்களுக்கு உறைத்தது, மறுநாள் விட்டு மறுநாள் எட்டாம் நாள், முடிச்சை எல்லாம் மாற்றி முடிய வேண்டியவள் இவள்தான்.

"அக்கா, எங்க முடிச்செல்லாம்?"

"வந்து முடியறன், போங்கடா. அதுவரைக்கும் ஆராருக்கு என்ன போன் வருதோ அத ஒழுங்காச் சொல்லுங்க" என்றாள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பஸ் நகர்ந்தபோது பூசாரி மட்டும், "என்ற போனு, என்ற போனு" என்று கொஞ்ச தூரம் பின்னால் ஓடிவிட்டு, நின்று, போனால் போகிறது என்று கையை உதறிக்கொண்டு திரும்பி வந்தார்.

மீதிக் கதை அந்த பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தெரியும், எங்கள் ஊர்க்காரர்தான். ஊரெல்லையைத் தாண்டுவதற்குள் அக்காவின் இடுப்பில் பூசாரியின் போன் அடித்திருக்கிறது. எடுத்திருக்கிறாள்.

"நடை எப்பத் தொறப்பீங்க?"

"நாலு மணிக்குங்க. ஆனா நாங்க இப்ப ஓசூர் போயிட்டிருக்கறமுங்க. எம் பொண்ணுக்குக் கொழந்த பொறந்திருக்குது."

அந்தப் பக்கம் இருந்தவர் குழம்பிப்போய், ரொம்ப சந்தோஷம் என்று வைத்துவிட்டார். இன்னொன்று வந்தது, அதற்கும் அதே பதில். தர்மபுரி தாண்டுவதற்குள் பதினெட்டுப் பேருக்குச் சொல்லிவிட்டாளாம், முகம் தெரியாத பதினெட்டுப் பேர், ஒவ்வொருவருக்கும் முதல் தடவை சொல்கிற மாதிரியே, எம் பொண்ணுக்குக் கொழந்த பொறந்திருக்குது, எம் பொண்ணுக்குக் கொழந்த பொறந்திருக்குது. தங்கவேலண்ணன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார், வேட்டி மடிப்பிலிருந்த அவள் போனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு. பத்தொன்பதாவது போனை எடுத்து அவள் ஆரம்பித்தபோது, தோளைத் தொட்டு நிறுத்தியிருக்கிறார்.

"வெறுமனே எம் பொண்ணுன்னா அவியளுக்கு எப்படித் தெரியும்? சங்கவின்னு பேரச் சொல்லு."